பூஜ்யமும் பூஜ்யமும் பன்னிரண்டு

தாயம் ஆடியிருக்கிறீர்களா? ஆடாவிட்டாலும் அந்தக் கட்டையைப் பார்த்திருப்பீர்கள். விரல் நீளத்தில் இரண்டு பித்தளைக் கட்டைகள். நீளவாக்கில் நான்கு பக்கம். ஒன்றில் ஒரு புள்ளி, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று. நான்காவது பக்கத்தில் ஒன்றும் இருக்காது. மொட்டைப் பித்தளை.

இரண்டு கட்டையிலும் அந்த மொட்டைப் பக்கமே மேலே வந்தால் எத்தனை? எந்தக் கணக்கு வாத்தியாரைக் கேட்டாலும் 'பூஜ்யம்' என்பார். தாயம் ஆடுகிற எந்தப் பாட்டியைக் கேட்டாலும் 'பன்னிரண்டு' என்பார். ஆட்டத்திலேயே பெரிய எண் அதுதான். அது விழுந்தால் இன்னொரு முறை உருட்டவும் உரிமை உண்டு.

வாத்தியார் சரியா, பாட்டி சரியா?

பாட்டிதான் சரி என்பது என் கட்சி. இதற்குள் ஒரு பெரிய தர்ம நியாயம் ஒளிந்திருக்கிறது. கொஞ்சம் கணக்கும் வரும். பயப்படாதீர்கள், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில் ஊருக்குப் போவோம். சங்கரன்கோவில் பக்கம் குருவிகுளம். 2019 வரை திருநெல்வேலி மாவட்டம், இப்போது தென்காசி மாவட்டம். கரிசல் பூமி. கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மற்றவர்களுக்கு மானாவாரிதான். வானத்தைப் பார்த்து விதைக்க வேண்டியது. உளுந்து, பருத்தி, மக்காச்சோளம் என்று எதைப் போட்டாலும் ஐப்பசி, கார்த்திகை மழை கை கொடுத்தால்தான் காசு. அறுவடையெல்லாம் முடிந்து வேலை ஓய்ந்த மாசிக்கு மேல், மத்தியான வேளையில் வேப்ப மர நிழலில் நாலு பெண்கள் கூடினால் அங்கே தாயக்கட்டம் வரைந்தாகிவிட்டது என்று அர்த்தம். சாக்பீஸ் கிடைத்தால் சாக்பீஸ், இல்லையென்றால் கரித்துண்டு. காய்களுக்குப் புளியங்கொட்டை, உடைந்த வளையல், சோளம், கூழாங்கல்.

தெரியாதவர்களுக்கு ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் முதல் காயைக் கட்டத்தில் இறக்க முடியும். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு இவற்றில் எது விழுந்தாலும் மறுபடி உருட்டலாம். இரண்டு, மூன்று, நான்கு விழுந்தால் கட்டை அடுத்தவர் கைக்குப் போய்விடும். எதிராளி காயை வெட்டலாம். வெட்டினால் இன்னொரு உருட்டு போனஸ். பெருக்கல் குறி போட்ட கட்டம் 'மலை'. அதில் உட்கார்ந்திருக்கும் காயை யாரும் தொட முடியாது. சுற்றி வந்து உள்ளே போன காய் 'பழம்'. வீட்டுக்கு வீடு விதி கொஞ்சம் மாறும். ஆனால் எலும்புக்கூடு இதுதான்.

அப்படி ஒரு ஆட்டம். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்திக்குத் தாயமே விழவில்லை. ஐந்து சுற்று, ஆறு சுற்று, எட்டு சுற்று... மற்ற மூன்று பேரின் காய்களும் கட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவள் கையில் புளியங்கொட்டைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன மதினி, இன்னைக்கு யாரு மூஞ்சில முழிச்சிய?"

"கைய கழுவிட்டு வா தாயீ. கை ராசி மாறும்."

"நீ உருட்டுத உருட்டே சரியில்ல. இங்க பாரு, இப்படி உருட்டணும்."

கடைசியாகச் சொன்னவர் இரண்டாம் சுற்றிலேயே தாயம் போட்டவர். அவருக்கு அதற்குள் உருட்டும் கலையில் டாக்டர் பட்டம் வந்துவிட்டது! விழாதவளுக்கோ முகம் சுருங்கி, தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று மெள்ள நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

கவனியுங்கள். பித்தளை உருண்டதற்கு நாலு பேரும் ஒரு காரணம் கற்பித்தாகிவிட்டது. விழுந்தவருக்குத் திறமை, விழாதவளுக்குத் தரித்திரம். மனுஷப் புத்திக்கு அதிர்ஷ்டத்தை அதிர்ஷ்டமாகவே விட்டுவைக்கத் தெரியாது. உடனே அதற்கு ஒரு ஒழுக்கச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும்.

இப்போது எண்ணிப் பார்ப்போம். ஒரு கட்டைக்கு நான்கு பக்கம், இரண்டு கட்டைக்கு நான்கு நான்கு பதினாறு விதமாக விழலாம். கட்டை தேயாமல், ஒழுங்காக உருட்டினால் பதினாறுக்கும் ஒரே சான்ஸ். இதில் மூன்று விழ நான்கு வழி. இரண்டு விழ மூன்று வழி, நான்கு விழவும் மூன்று வழி. தாயத்துக்கு இரண்டு வழி, ஐந்துக்கு இரண்டு வழி. ஆறுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று. ஆக, போனஸ் உருட்டு கிடைக்க 16-ல் 6 வழி. கை மாறிப் போக 10 வழி.

தாயத்துக்காகக் காத்திருக்கிறவள் கதை என்ன? ஐந்தோ ஆறோ பன்னிரண்டோ விழுந்தால் மறுபடி உருட்டுவாள். அதனால் அவளுடைய ஒரு முறை இரண்டில் ஒன்றாகத்தான் முடியும்: தாயம் விழும், அல்லது கட்டை கை மாறும். இரண்டு வழிக்குத் தாயம், பத்து வழிக்குக் கை மாற்றம். பன்னிரண்டுக்கு இரண்டு, அதாவது ஆறில் ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் ஆறில் ஐந்து பங்கு ஏமாற்றம்தான். பத்து சுற்று தாண்டியும் ஒருவருக்குத் தாயம் விழாமல் இருக்க 100-க்கு 16 சான்ஸ். சின்னதாகத் தெரிகிறதா? நாலு பேர் ஆடுகிறார்களே! நாலு பேரில் யாராவது ஒருவராவது பத்து சுற்று முடிந்தும் இறங்காமல் உட்கார்ந்திருக்க 100-க்கு 50-க்கும் சற்று மேல்.

அதாவது இரண்டு ஆட்டத்துக்கு ஒரு ஆட்டத்தில் அப்படி ஒருத்தி உட்கார்ந்திருக்கத்தான் போகிறாள். அது அவளுடைய கை ராசி இல்லை. ஆட்டத்தின் அமைப்பு. யாராவது ஒருவர் அந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று விதி முன்னாலேயே எழுதி வைத்துவிட்டது. யார் என்பது மட்டும்தான் கட்டையின் வேலை.

இன்னொன்றும் உண்டு. 'ஒன்பது சுற்று விழவில்லை, பத்தாவதில் விழுந்தே தீரும்' என்று ஒரு நப்பாசை வரும். வராது. கட்டைக்கு ஞாபக சக்தி கிடையாது. பத்தாவது சுற்றிலும் அதே ஆறில் ஒன்றுதான். லாட்டரிச் சீட்டில் வீட்டை இழந்தவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் வழுக்கியவர்கள்தான்.

எண்ணத் தெரிந்தால் என்ன லாபம் என்கிறீர்களா? நளன் கதையை ஞாபகப்படுத்துகிறேன்.

சூதில் நாட்டை இழந்து, காட்டில் மனைவியைப் பிரிந்து, உருமாறிப்போன நளன் இருதுபன்ன மகாராஜாவிடம் தேரோட்டியாக இருக்கிறான். வழியில் ஒரு தான்றி மரம். தேரில் இருந்தபடியே அதன் இலையும் காயும் இத்தனை என்று ராஜா சொல்கிறான். நளனுக்கு நம்பிக்கையில்லை. தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். கணக்கு சரியாக இருக்கிறது. 'எனக்கு இந்த வித்தையைச் சொல்லிக் கொடு, நான் குதிரை வித்தையைச் சொல்லித் தருகிறேன்' என்கிறான். பகடையின் ரகசியமும் எண்ணும் வித்தையும் சேர்ந்தே அவனுக்குக் கிடைக்கின்றன. தான்றிக்காயைத்தான் அந்தக் காலத்தில் சூதாட்டக் காயாக உருட்டினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1975-ல் இயான் ஹாக்கிங் என்ற கனடா நாட்டுத் தத்துவப் பேராசிரியர், ப்ராபபிலிட்டி எப்படிப் பிறந்தது என்று எழுதிய புத்தகத்தில் இந்தக் கதையை எடுத்து வைத்து வியக்கிறார்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்து நடப்பது. வித்தை வந்த அந்த நிமிஷமே நளனைப் பிடித்திருந்த கலி அவன் உடம்பை விட்டு வெளியேறுகிறான். பூஜை, பரிகாரம் எதுவும் இல்லை. எண்ணக் கற்றான், கலி நீங்கிவிட்டான்! 'நான் பாவி, நான் தரித்திரம் பிடித்தவன்' என்று ஒருவனைத் தின்றுகொண்டிருக்கும் நினைப்புக்குக் கலி என்று பெயர் வைத்தால், அதை விரட்டும் மந்திரம் கணக்குதான் என்று கதை சொன்னவருக்குத் தெரிந்திருக்கிறது.

எண்ணுவது முதல் படி. அடுத்த படி போனஸ். இதில்தான் வில்லங்கமே.

தாயத்தில் போனஸ் யாருக்குக் கிடைக்கிறது? ஏற்கெனவே நல்லது விழுந்தவருக்கு! ஆறு விழுந்தால் இன்னொரு உருட்டு. அதில் ஐந்து விழுந்தால் இன்னொன்று. அதில் வெட்டு கிடைத்தால் அதற்கும் ஒன்று. மூன்று போட்டவர் மூன்று கட்டம் நகர்ந்து வாயை மூடிக்கொண்டு கட்டையைக் கொடுக்க வேண்டும். போனஸ் இல்லாவிட்டால் ஓர் உருட்டின் சராசரி 3.75 கட்டம். போனஸ் உருட்டுகளையும் சேர்த்தால் ஒரு முறைக்குச் சராசரி 6 கட்டம். இந்த அதிகப்படியான இரண்டேகால் கட்டம் சராசரி மனிதர்களுக்குப் பிரிந்து போவதில்லை. ஏற்கெனவே கொட்டிய இடத்தில்தான் மறுபடி கொட்டுகிறது.

கரிசலில் இது விளையாட்டு இல்லை. பக்கத்துப் பக்கத்து நிலம், ஒரே விதை, ஒரே உழவு. மாட்டின் ஒரு கொம்பு நனைந்து மறு கொம்பு காய்ந்திருக்கும் என்று சொல்வார்களே, அப்படி ஒரு மழை. ஒருவருக்கு உளுந்து விளைந்தது. கையில் காசு. அடுத்த வருஷத்துக்கு நல்ல விதை, குத்தகைக்கு இன்னும் இரண்டு ஏக்கர், 'இவன் கெட்டிக்காரன்' என்ற பெயர், அந்தப் பெயரை நம்பி வரும் கடன். எல்லாம் போனஸ் உருட்டு. மற்றவருக்கு விதைக் காசும் போயிற்று. அடுத்த வருஷம் உருட்டுவதற்கே கட்டை இல்லை.

கணக்கு இதையும் சொல்கிறது. ஒருவர் கையில் 1,000 ரூபாய், இன்னொருவர் கையில் 9,000. பூவா தலையா போட்டு நூறு நூறாக ஆடுகிறார்கள். காசில் ஒரு மோசடியும் இல்லை, சரிபாதி சான்ஸ். யாராவது ஒருவர் ஓட்டாண்டி ஆகும்வரை ஆட்டம். ஆயிரம் ரூபாய்க்காரர் முழுவதையும் ஜெயிக்க எத்தனை சான்ஸ் தெரியுமா? பத்தில் ஒன்று. நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அவர்தான் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார். நாணயம் நாணயமாகத்தான் இருந்தது. ஒருவரால் பத்துத் தோல்வியைத் தாங்க முடிந்தது, இன்னொருவரால் தொண்ணூறு தோல்வியைத் தாங்க முடிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். ஏழைக்குத் 'துணிச்சல் இல்லை, ரிஸ்க் எடுக்கத் தெரியவில்லை' என்று மேடை போட்டு அறிவுரை சொல்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் நல்லது.

அப்படியானால் போனஸே கூடாதா? அவசரப்படாதீர்கள். போனஸில் வேறு ஜாதிகளும் உண்டு.

அமெரிக்காவில் 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு விளையாட்டை வெளியிட்டார்கள். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு வேஷம் கட்டுவார்கள். ஒருவர் போர்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். கதையை நடத்த ஒருவர் தனியாக. நம்ம ஊர்க் கூத்து வாத்தியார் மாதிரி. மந்திரவாதி பூட்டைத் திறக்க முடியுமா? இருபது பக்கம் உள்ள பகடையை உருட்டு. பதினொன்றும் அதற்கு மேலும் விழுந்தால் திறக்கும் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி சான்ஸ். திருடனுக்குப் பூட்டுத் திறக்கும் தொழில் கைவந்த கலை என்பதால் விழுந்த எண்ணோடு ஐந்தைக் கூட்டிக்கொள்ளலாம். அவனுக்கு 100-க்கு 75 சான்ஸ்.

இது பயிற்சிக்குக் கிடைக்கும் போனஸ். பகடையும் உண்டு, பழக்கமும் உண்டு. இதில் அநியாயம் இல்லை என்றுதான் நமக்குத் தோன்றும்.

2014-ல் அந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் ஒரு புது ஏற்பாடு பிரபலமாயிற்று. எண்ணைக் கூட்டுவதற்குப் பதிலாக, சில சமயம் பகடையை இரண்டு முறை உருட்டி எது பெரியதோ அதை வைத்துக்கொள்ளலாம். பதினொன்று தேவைப்படுகிற அதே ஆளுக்கு இதில் எத்தனை சான்ஸ்? இரண்டு முறையும் தவறினால்தான் தோல்வி. பாதியில் பாதி, கால். ஜெயிக்க முக்கால். அதாவது 75! வருஷக்கணக்கில் பழகி வந்த +5-ம், சும்மா கிடைத்த இன்னொரு வாய்ப்பும் ஒரே எடை.

இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாழ்க்கையில் நாம் திறமை என்று கும்பிடுவதில் எவ்வளவு பங்கு இந்த இரண்டாவது உருட்டு?

நீட் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை தவறிவிட்டால், வசதியுள்ள வீட்டில் ஒரு வருஷம் உட்கார வைத்து, கோச்சிங்கில் சேர்த்து, ஹாஸ்டலுக்குப் பணம் கட்டி மறுபடி எழுத வைப்பார்கள். கூலி வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்குத் தவறினால் மறுநாளே வேலை தேட வேண்டும். மார்க் ஷீட்டில் யார் எத்தனை முறை உருட்டினார்கள் என்று போட்டிருக்காது. பெரிய எண் மட்டும்தான் இருக்கும். அதைப் பார்த்து 'மெரிட்' என்கிறோம்.

அதனால்தான் 2020-ல் தமிழக அரசு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தகுதி பெற்ற பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது. வழக்கு போட்டார்கள். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. இதுவும் ஒரு போனஸ்தான். மூன்றாவது ஜாதி. மொட்டைப் பக்கம் விழுந்தவர்களுக்கு என்று விதி போட்டு எழுதிய போனஸ்.

தீபாவளி போனஸ்கூட அப்படித்தான். 1965-ல் வந்த போனஸ் சட்டம், கம்பெனிக்கு லாபமே இல்லாத வருஷத்திலும் குறைந்தபட்ச போனஸ் கொடுத்தாக வேண்டும் என்றது. முதலில் 4 சதவிகிதம், 1970-களில் 8.33 ஆயிற்று. ஏன் இந்த விநோத எண்? பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒரு மாதச் சம்பளம். லாபம் பூஜ்யமாக இருந்தாலும் தொழிலாளிக்கு அது பூஜ்யமாகக் கூடாது என்று விதி சொன்னது. குருவிகுளத்து மானாவாரிக்காரருக்கு அப்படி ஒரு போனஸ் சட்டம் இல்லை. அவருக்கு மொட்டை விழுந்தால் மொட்டைதான்.

இப்போது நம் பாட்டியிடம் திரும்பலாம். பூஜ்யமும் பூஜ்யமும் பன்னிரண்டு என்று பித்தளை சொல்லவில்லை. பித்தளைக்கு அது வெறும் பித்தளை. எந்தக் காலத்திலோ யாரோ நாலு பேர் உட்கார்ந்து, 'இரண்டிலும் ஒன்றுமில்லாமல் விழுகிறதே பாவம், அதற்குப் பெரிதாக ஏதாவது வைப்போம்' என்று பேசி வைத்திருக்கிறார்கள். பாவம் பார்த்து வைத்தார்களோ, ஆட்டம் சூடு பிடிக்கட்டும் என்று வைத்தார்களோ, வைத்தது மனிதர்கள். கட்டை தருவது முகம் மட்டும்தான். எந்த முகத்துக்கு என்ன விலை என்பதை நாம்தான் நிர்ணயிக்கிறோம்.

இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒருவர் கிணறு உள்ள வீட்டில் பிறந்தார், ஒருவர் கிணறு இல்லாத வீட்டில் பிறந்தார். அது கட்டை. அதில் நியாயமும் இல்லை, அநியாயமும் இல்லை. கிணறு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் இல்லை, காய்ச்சலுக்கு டாக்டர் இல்லை, இரண்டாவது உருட்டு இல்லை என்றால் அது விதி. தலைவிதி இல்லை. நாம் எழுதிய ஆட்ட விதி. 'அவங்க தலையெழுத்து சார்' என்று நாம் சொல்லும்போது, நம்முடைய கையெழுத்தைத் தலையெழுத்து என்று சொல்லித் தப்பிக்கிறோம்.

எதிர்க்கட்சி வாதமும் பலமானதுதான். 'விழாதவருக்கெல்லாம் சலுகை கொடுத்தால் ஆட்டத்தில் என்ன ருசி? எந்தக் காயை நகர்த்துவது, எப்போது மலையில் உட்காருவது, எப்போது வெட்டுவது என்று மூளையைக் கசக்கி ஆடுகிறவருக்கு என்ன மரியாதை?' நியாயமான கேள்வி. இன்னொன்று, பூஜ்யத்துக்குப் பன்னிரண்டு கொடுத்தால் மூன்று போட்டவரின் வயிற்றெரிச்சல்? அவரும் பணக்காரர் இல்லையே! ஒவ்வொரு ஒதுக்கீட்டின்போதும் நடுவில் நிற்கிறவர் கேட்கும் கேள்வி இது. தள்ளிவிட முடியாது.

என் பதில் இது. ஆட்டத்தில் இறங்குவது வேறு, ஜெயிப்பது வேறு. ஜெயிப்பதில் அதிர்ஷ்டமும் இருக்கட்டும், திறமையும் இருக்கட்டும். அதில்தான் ருசி. ஆனால் இறங்குவதே அதிர்ஷ்டமாக இருந்தால், உட்கார்ந்திருப்பவரின் மூளை எவ்வளவு கூர்மை என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். அது அவருக்கு மட்டும் நஷ்டமில்லை. நல்ல ஆட்டக்காரர் ஒருவரை ஆட்டமே இழக்கிறது. 7.5 சதவிகிதத்தில் உள்ளே போன மாணவிக்கு அனாடமி பரீட்சையில் யாரும் ஐந்து மார்க் கூட்டிப் போடுவதில்லை. இறக்கிவிட்டதோடு சரி. அதன் பிறகு அவள் ஆட்டம்.

மூன்று போட்டவருக்கு? தாயத்தில் அவருக்கு ஒரு ஆறுதல் உண்டு. அடுத்த சுற்றில் அவருக்கும் பன்னிரண்டு விழலாம். எல்லோருக்கும் ஒரே கட்டை. வாழ்க்கையில் சிலர் கைக்கு நாலு பக்கமும் மொட்டையான கட்டையே வந்து சேர்கிறது. அவர்கள் எத்தனை முறை உருட்டினாலும் ஒன்றுதான். அந்தக் கட்டையோடு தன்னுடையதை மாற்றிக்கொள்ள மூன்று போட்டவர் சம்மதிப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

மரத்தடியில் உட்கார்ந்திருந்தாளே, அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி குறுக்கே புகுந்தார்.

"ஏட்டி, பாவமா இருக்கு. ஒரு காய இறக்கிக்கிடட்டும்."

பழம் எடுக்கப் போகிற நிலையில் இருந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லாருக்கே ஞாயம்! ஆட்டம் பாதியில வெதிய மாத்துவியளா?"

ஆச்சி ஒரு நிமிஷம் யோசித்தார். "அதுவும் சரிதான். அப்ப அடுத்த ஆட்டத்துக்கு இப்பவே பேசிக்கிடுங்க. அஞ்சு சுத்து விழலேன்னா ஒரு காய் சும்மா இறங்கலாம். யாருக்கு விழாதுன்னு இப்ப யாருக்கும் தெரியாதுல்ல?"

நாலு பேரும் சரி என்றார்கள். கோபப்பட்டவரும்தான்!

1971-ல் ஜான் ரால்ஸ் என்ற ஹார்வர்டு பேராசிரியர் நீதியைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அதன் மையக் கருத்து இதுதான்: எந்த வீட்டில், எந்த உடம்போடு, எந்த அறிவோடு பிறக்கப் போகிறோம் என்று தெரியாமல் எல்லோரும் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சட்டம் எழுதினால் என்ன எழுதுவோமோ, அதுவே நியாயமான சட்டம். தனக்கே மொட்டைப் பக்கம் விழலாம் என்ற பயம் இருக்கும்போதுதான் மனிதன் மொட்டைப் பக்கத்தைப் பற்றி ஒழுங்காக யோசிப்பான். ஆச்சி ரால்ஸைப் படித்ததில்லை. தாயம் ஆடியிருக்கிறார்.

நம்மால் திரைக்குப் பின்னால் போக முடியாது. நமக்குக் கட்டை ஏற்கெனவே விழுந்தாகிவிட்டது. ஆனால் நம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இன்னும் விழவில்லை. அவர்களில் யாருக்கு என்ன விழும் என்று அம்பானிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஓட்டுப் போடும்போதும், பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று கிராம சபையில் பேசும்போதும், வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் நாம் அந்த அடுத்த ஆட்டத்துக்குத்தான் விதி பேசுகிறோம்.

ஏற்கெனவே நல்லது விழுந்தவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆறு விழுந்தது உங்கள் குற்றமா என்ன? சந்தோஷமாக நகர்த்துங்கள். ஒன்றே ஒன்று. 'என் உருட்டு சரியான உருட்டு' என்று மட்டும் அடுத்தவருக்குப் பாடம் எடுக்காதீர்கள். உங்களுக்கு எத்தனை உருட்டு கிடைத்தது என்று ஒரு நாள் ராத்திரி தனியாக உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். பீஸ் கட்டின மாமா, அரியர் எழுதவிட்ட அப்பா, பெயிலானபோது திட்டாத டீச்சர், சமயத்தில் கிடைத்த ரத்தம், கேட்டதும் கையெழுத்துப் போட்ட நண்பர்...

எண்ணி முடித்ததும் எத்தனை வருகிறது என்று பாருங்கள். அதில் ஒரு உருட்டையாவது, கையில் காயை வைத்துக்கொண்டு காத்திருக்கும் யாருக்காவது கொடுக்க முடியுமா?